மணலில் முளை நிற்குமா?

குமரி மாவட்டப் பள்ளியொன்றில் சாரணர் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், கடற்கரையில் கூடாரம் அடிப்பது பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

ஐயா, வருகிற சித்திரைப் பௌர்ணமிக்கு மனைவி, இரண்டு பிள்ளைகளோடு சொத்தவிளைக் கடற்கரையில் கூடாரம் அடித்து ஓர் இரவு தங்க ஆசை. புதுக் கூடாரமும் வாங்கிவிட்டேன். தண்ணீரிலிருந்து எத்தனை அடி தள்ளி அடிக்க வேண்டும்?
(மார்த்தாண்டம் வாசகர்)

அடிக்கணக்கை நம்பித்தான் தம்பி, நான் பதினான்கு ஜோடிச் செருப்பைக் கடலுக்குக் கொடுத்தேன். முட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு மணல்மேட்டில் சாரணர் முகாம். அதுவும் சித்திரை மாதம்தான். தண்ணீரிலிருந்து நாற்பது அடியைக் காலால் அளந்து, பையன்கள் பார்க்கிறார்கள் என்ற பெருமையோடு குதிகாலால் கோடு கிழித்தேன். காற்று இல்லை, மழை இல்லை. இரவு இரண்டு மணி இருக்கும், முதுகு சில்லிட்டது. தடவிப் பார்த்தால் பாய்க்கு அடியில் தண்ணீர். வெளியே வந்தேன். வாசலில் வரிசையாகக் கழற்றி வைத்திருந்த செருப்புகளும் சோற்றுப் பானையும் நிலா வெளிச்சத்தில் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. பானை காலையில் திரும்பி வந்தது. செருப்பு வரவில்லை. பிள்ளைகள் வெறுங்காலோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள். பெற்றோர்கள் என்னிடம் பேசிய பேச்சை இந்த இதழில் அச்சிட மாட்டார்கள்.

விடிந்ததும் கரைமடி வலை இழுக்க வந்த பெரியவர் ஒருவர், கொடியில் தொங்கிய ஈரப் பாய்களைப் பார்த்துச் சிரித்தார். "காற்றில்லாமல் ஏறி வந்தால் அது கள்ளக்கடல், சாரே" என்றார். பூகோளம் நடத்திய எனக்கு அன்றுவரை அந்தச் சொல் தெரியாது. எங்கோ தெற்கே, இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் வீசும் புயல் கிளப்பும் அலைகள், நாள்கணக்கில் பயணம் செய்து நம் கரையில் ஏறுகின்றன. நம் ஊர் வானத்தைப் பார்த்து அதை அறிய வழியே இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் அதிகம். 2024 மே மாதம் கணபதிபுரம் பக்கம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்களே, அது இந்தக் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாளில்தான். ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் முன்கூட்டியே அறிவிப்பு வெளியிடுகிறது, செய்தித்தாளிலும் வருகிறது. அறிவிப்பு இருந்தால் கூடாரத்தை மொட்டைமாடியில் அடியுங்கள். நிலா அங்கேயும் வரும்.

பௌர்ணமியைக் கண்டு மட்டும் பயப்பட வேண்டாம். நம் கரையில் கடல் ஏறி வற்றுவது ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். அந்த ஏற்றத்தின்மேல் கள்ளக்கடலும் வந்து சேர்ந்தால்தான் வினை.

இடத்தை மணலே சொல்லும். சிரட்டை, காய்ந்த பாசி, பிளாஸ்டிக் பாட்டில் எல்லாம் வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும் கோட்டைத் தேடுங்கள். பெரும்பாலும் இரண்டு கோடுகள் இருக்கும். தண்ணீருக்குப் பக்கத்தில் இருப்பது நேற்றையது. மேலே, வெயிலில் வெளுத்த குப்பையோடு கிடப்பதுதான் உங்களுக்கு வேண்டியது. அதையும் தாண்டி, ஊதாப் பூப் பூக்கும் அடப்பங்கொடி படர்ந்திருக்கும் மேட்டுக்குப் போங்கள். கொடி வேர் பிடித்த இடத்துக்குக் கடல் அடிக்கடி வருவதில்லை. கொடியைப் பிடுங்காமல் அதற்குப் பின்னால் அடியுங்கள். பக்கத்தில் இராவணன் மீசை இருந்தால் விலகிக்கொள்ளுங்கள். அந்தப் புல்லின் முள் கூடாரத் தரையையும் குத்தும், படுத்திருப்பவரையும் குத்தும்.

கலிபோர்னியாவில் இருக்கும் மகள் எங்களைக் கடற்கரை முகாம் ஒன்றுக்கு அழைத்துப் போனாள். எண் போட்ட இடம், மேசை, தீ மூட்ட இரும்பு வளையம், குழாய், கழிப்பறை எல்லாம் இருந்தன. நம் மாவட்டத்தில் இப்படி உண்டா?
(நாகர்கோவில் வாசகி)

அம்மா, அந்த மாநிலப் பூங்காக்களில் ஆறு மாதம் முன்பே இடப் பதிவு தொடங்கிவிடும், ஓர் இடத்தில் எட்டுப் பேருக்கு மேல் கூடாது, இரவு பத்து மணிக்குமேல் சத்தம் கூடாது. உங்கள் மகள் ஆறு மாதம் முன்பே விழித்துக்கொண்டவளாக இருப்பாள். நம் பொதுக் கடற்கரைகளில் நான் அப்படி ஓர் இடத்தில் படுத்ததில்லை. இங்கே நீரோடியிலிருந்து ஆரோக்கியபுரம்வரை ஊருக்கு ஊர் மீனவர் குடியிருப்பு. நீங்கள் கடற்கரை என்று நினைப்பது அவர்கள் வலை காயப்போடும் முற்றம். எனவே முதலில் ஊரில் கேளுங்கள், பிறகு காவல் நிலையத்தில் சொல்லுங்கள். சொல்லாமல் படுத்து, நள்ளிரவில் ரோந்துப் போலீசார் எழுப்பிவிட்டால் என்மேல் பழி போடக் கூடாது. கடலோரக் காவலை அழைக்க 1093 என்ற எண்ணைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். கழிப்பறை இருக்கும் தனியார் விடுதி வளாகத்தில் கூடாரம் அடிக்க இடம் கொடுத்தால், என் வயதுக்கு நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

ஜனவரி முதல் மார்ச்வரை போனால் பெரிய விளக்கு வேண்டாம், தீயும் வேண்டாம். பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம் அது. குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நினைத்து எதிர்ப்பக்கம் ஊர்ந்துவிடும். சாப்பாட்டுக்கு அடுப்பு எதற்கு? அவித்த மரச்சீனிக் கிழங்கு, காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி, ஒரு சீப்பு மட்டிப் பழம், பிளாஸ்கில் கருப்பட்டிக் காப்பி. மணல் விழாமல் சாப்பிடலாம் என்று பொய் சொல்ல மாட்டேன்.

கூடாரத்தோடு வந்த கம்பி முளைகள் மணலில் நிற்கவே இல்லை. அரை மணி நேரத்தில் கூடாரம் பறந்துவிட்டது. என்ன செய்வது?
(தக்கலை கல்லூரி மாணவர்)

அந்த முளை களிமண்ணுக்குச் செய்தது. வீட்டில் கிடக்கும் மஞ்சள் பைகள் ஆறு எடுத்துப் போங்கள். ஈர மணலை நிரப்பி வாயைக் கட்டுங்கள். கயிற்றைப் பையின் நடுவயிற்றில் இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போடுங்கள். முழங்கை புதையும் ஆழத்துக்குக் குழி தோண்டிப் பையைப் படுக்க வைத்து, கயிறு கூடாரத்தை நோக்கிச் சாய்வாக வெளியே வரும்படி மூடி, மேலே ஏறி மிதியுங்கள். பிறகு இழுத்துப் பாருங்கள், உங்கள் கைதான் வலிக்கும். காலையில் பிரிக்கும்போது மணலைக் கொட்டிவிட்டுப் பையை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

வாசலைக் கடலைப் பார்த்து மட்டும் வைக்காதீர்கள். சாயங்காலம் கடலிலிருந்து வரும் காற்று பின்னிரவில் நிலத்திலிருந்து திரும்பும். கச்சான் என்கிற மேல்காற்று பலமாக அடிக்கும் ஆனி, ஆடியில் போகவே வேண்டாம்.

பைக்குப் பதிலாகக் கரையில் ஏற்றி வைத்திருக்கும் வள்ளத்தில் கயிற்றைக் கட்டலாமா?
(குழித்துறை வாசகர்)

கட்டலாம். விடிவதற்கு முன்னால் வள்ளம் கடலுக்குப் போகும், கூடாரமும் கூடவே போகும்.

மணவாளக்குறிச்சி மணலில் கதிர்வீச்சு உண்டு என்கிறார்கள். ஓர் இரவு படுத்தால் ஆபத்தா?
(இரணியல் வாசகி)

அந்த மணலில் மோனசைட் என்ற தாதுவும், அதற்குள் தோரியமும் இருப்பது உண்மை. கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட அங்கே கூடுதல்தான். ஆனால் ஓர் இரவில் உடம்பில் சேர்வது மிகச் சொற்பம். கறுப்பு மணலின் நிஜமான தொல்லை வேறு: பகலில் பாதம் பொத்துப்போகும் சூடு, ஜிப்பின் பல்லுக்குள் புகுந்துகொள்ளும் பொடி. ஊருக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஜிப்பையும் கம்பிகளையும் கழுவிக் காயவைக்காவிட்டால், அடுத்த முறை கூடாரத்துக்குள் போனவர் வெளியே வரக் கத்தரிக்கோல் வேண்டியிருக்கும்.

தென்னந்தோப்பு நிழலில் அடிக்கலாமா?
(அதே வாசகி)

தோப்புக்காரரிடம் கேட்டுவிட்டு, காய் பறித்து முடித்த மரமாகப் பார்த்து அடியுங்கள்.