மெக்சிகோவுக்கு ஊழியத்துக்கு போற அண்ணன்

கேள்வி: அக்கா, எங்க அண்ணன் குடும்பத்தோட மெக்சிகோ சிட்டிக்கு ஊழியத்துக்கு போறாங்க, ரெண்டு சின்ன பசங்க வேற, ஸ்பானிஷ் ஒரு வார்த்தை தெரியாது, அம்மா தினம் அழுவுறாங்க. எப்படி சமாளிப்பாங்க? - ஒரு வாசகி, ராயபுரம்

பதில்: பயப்படாதம்மா, பாஷை வந்துடும். 'பெரோ'ன்னா ஆனால், அதையே நாக்கை உதறி 'பெர்ரோ'ன்னா நாய், நம்ம ஞ கூட அவங்ககிட்ட இருக்கு, 'மஞானா'ன்னா நாளைக்கு. நீ, நீங்க மாதிரி 'தூ', 'உஸ்தெத்'ன்னு ரெண்டு உண்டு, பெரியவங்ககிட்ட உஸ்தெத் தான், இத அண்ணன்கிட்ட கண்டிப்பா சொல்லு. பைபிளுக்கு ரெய்னா வலேரா 1960 பதிப்பு வாங்கட்டும், அங்க ப்ராட்டஸ்டண்ட் சபைங்கள்ல அது ரொம்ப புழக்கம், தமிழ் பைபிள பக்கத்துல வச்சிக்கிட்டு தினம் ஒரு சங்கீதம் சத்தமா படிக்கட்டும்.

ஆனா ஒண்ணு, அங்க பெரும்பாலானவங்க கத்தோலிக்கர்ங்க, ஏற்கனவே ஏசப்பாவ கும்பிடுறவங்க, அதனால போன உடனே பிரசங்கம் வேணாம், மொதல்ல அக்கம்பக்கத்துல பழகட்டும். டிசம்பர் 16லருந்து 24 வரைக்கும் போசாதாஸ்னு ஒண்ணு நடக்கும், யோசேப்பும் மரியாளும் தங்க இடம் தேடுன மாதிரியே பாடிட்டு வீடு வீடா கதவு தட்டுவாங்க, நம்ம ஏரியாவுல கேரல் ரவுண்ட்ஸ் போய் வளர்ந்தவங்களுக்கு அது அந்நியமாவே தெரியாது, குடும்பமா போய் கலந்துக்கட்டும்.

பசங்க அண்ணனுக்கு முன்னாடியே ஸ்பானிஷ் பேசிடுவாங்க, தமிழ் போயிடக்கூடாதேன்னுதான் எனக்கு கவலை. இங்க ராத்திரி 8 மணின்னா அங்க காலையில 8.30, அம்மாவ அந்த நேரத்துல வீடியோ கால்ல உக்கார வச்சு பேரப்பசங்களுக்கு தமிழ்லயே கதை சொல்ல சொல்லு.