பெயரில்லாமல் ஒரு கதை

அன்புள்ள ஐயா,

என் முதல் சிறுகதையை ஒரு சிற்றிதழ் ஏற்றுக்கொண்டிருக்கிறது. மாமியார் வீட்டில் நடந்ததை ஒட்டி எழுதியது. பெயரே போட வேண்டாம் என்று கேட்டேன். புனைபெயராவது வேண்டும் என்கிறார் ஆசிரியர். பெயரில்லாமல் வந்தால் என்ன தவறு?

க.

அன்புள்ள க.,

தவறு ஒன்றும் இல்லை. ஆனாலும் நான் ஆசிரியர் பக்கம்தான். கதை பிடித்துப்போன வாசகர் அடுத்தடுத்த இதழ்களில் உங்களைத் தேடுவார். எதை வைத்துத் தேடுவது? குறுந்தொகை 54ஆம் பாட்டில், யானை வளைத்துப் பிடித்திருந்த மூங்கிலை விட்டதும், மீன் மாட்டிய தூண்டில் போல அது விசுக்கென்று மேலே எழும். பாடியவரின் இயற்பெயர் தெரியவில்லை. அந்த உவமையிலிருந்தே ‘மீனெறி தூண்டிலார்’ என்ற பெயர் அவருக்கு அமைந்துவிட்டது. துவரங்குறிச்சியில் வீட்டாருக்குத் தெரியாமல் எழுதிய கவிஞர் வைத்துக்கொண்ட பெயர்தான் சல்மா. எல்லோருக்கும் தெரிந்த பிறகும் அவர் சல்மாதான்.

சரி, உங்கள் பயம் வீட்டைப் பற்றியது. அதற்குப் பெயரை மறைத்தால் மட்டும் போதாது. என் ஆரம்பகாலக் கதை ஒன்றைப் புனைபெயரில்தான் கொடுத்தேன். பெரியப்பா தாழ்வாரத்துத் தூணில் கரியால் பால் கணக்கு எழுதுவதை அப்படியே வைத்திருந்தேன். அந்த இடம் வந்ததுமே வீட்டில் கண்டுபிடித்துவிட்டார்கள். பெரியம்மா இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

அதனால் ஊரை மாற்றுங்கள், தொழிலை மாற்றுங்கள், மாமியார் வாயில் அடிக்கடி வரும் சொல்லை எடுத்துவிடுங்கள். மாமியாரை ஒரு பெரியம்மாவாக ஆக்க முடியுமா என்று பாருங்கள். இதையெல்லாம் செய்ததும் கதையில் உயிர் இல்லை என்று தோன்றினால், அதை இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். நடந்தது இன்னும் கதையாகவில்லை என்று அர்த்தம். சில மாதம் கழித்து எடுத்துப் படியுங்கள்.

அப்புறம், ஆசிரியர் ஒருவருக்காவது உங்கள் உண்மைப் பெயர் தெரிந்திருக்கட்டும். கதை யாருடையது என்று நாளைக்குக் கேள்வி வந்தால் அவர்தான் சாட்சி. சிற்றிதழில் பெரும்பாலும் சன்மானம் இருக்காது. கதை வந்த இதழ் ஒன்று தபாலில் வரும். அதை வீட்டு முகவரிக்கு அனுப்ப வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.