குழாயடி பதில்கள்: எந்த இடத்துக்கு எந்தப் பைப்?

ஐயா, எங்கள் வீடு 1986-ல் கட்டியது. முழுக்க ஜி.ஐ. பைப், போர் தண்ணீர். காலையில் முதல் அரை வாளி செம்மண் நிறத்தில் வருகிறது. ஷவரில் தண்ணீர் சொட்டுகிறது என்றுதான் சொல்ல வேண்டும். பிளம்பர் எல்லாவற்றையும் சி.பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் பைப்பாக மாற்றச் சொல்கிறார். என் தம்பியோ, இன்னொரு பிளாஸ்டிக்கான யு.பி.வி.சி. போதும், செலவும் குறையும் என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, நங்கநல்லூர்

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி அம்மா.

முதலில் உங்கள் பழைய பைப்பைப் பார்ப்போம். ஜி.ஐ. என்றால் துத்தநாகம் பூசிய இரும்பு. அந்தப் பூச்சு இருக்கிறவரை கவலையில்லை. நம் ஊர் போர் தண்ணீர் உள்ளிருந்தே அதை அரித்துவிட்டால் மிச்சம் வெறும் இரும்புதான். மேற்கு மாம்பலத்தில் ஒரு வீட்டில் கழற்றிய அரை இஞ்ச் எல்போவை (வளைவில் போடும் இணைப்பு) வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெளியே அடித்த பெயின்ட் கூட உரியவில்லை. உள்ளே துருவும் சுண்ணாம்பும் அடை அடையாக ஏறி, பேனா ரீஃபில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. ராத்திரி முழுக்க அந்தத் துருவில் ஊறிய தண்ணீர்தான் உங்கள் வாளிக்கு வருகிறது. ஆசிட் விட்டுக் கழுவித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். பல இடங்களில் ஓட்டையை அடைத்துக்கொண்டிருப்பதே அந்தத் துருதான்.

மாற்றத்தான் வேண்டும். வெள்ளையாக இருக்கும் யு.பி.வி.சி. பச்சைத் தண்ணீருக்கு நல்ல பைப். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் லைன், சமையலறை, தோட்டத்துக் குழாய் எல்லாவற்றுக்கும் தாராளமாகப் போடலாம், தம்பி சொன்னபடி காசும் மிச்சம். ஆனால் கீசர் தண்ணீர் பட்டால் இளகிவிடும். வெந்நீர் லைனுக்கு, சந்தன நிறத்தில் வரும் சி.பி.வி.சி.தான், அது 93 டிகிரி வரை தாங்கும். பைப் மேல் ஐ.எஸ். 15778 என்ற இந்தியத் தர எண் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

குளியலறைக்குள் மட்டும் பச்சைத் தண்ணீர் லைனையும் சி.பி.வி.சி.யிலேயே போடச் சொல்வேன். வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும் மிக்ஸர் குழாயின் இரண்டு திருகும் திறந்திருந்து, தண்ணீர் வெளியே வரும் வாய் மட்டும் மூடியிருந்தால், அழுத்தம் குறைந்த பக்கமாக வெந்நீர் ஏறிவிடும். யு.பி.வி.சி.க்கு அது ஆகாது.

இன்னொன்று, இதைப் பல பிளம்பர்கள் சொல்வதில்லை. அரை இஞ்ச் ஜி.ஐ. பைப்பின் உள்விட்டம் சுமார் 16 மில்லிமீட்டர். அதே அரை இஞ்ச் சி.பி.வி.சி.யில் சுமார் 12தான். அரைக்கு அரை என்று மாற்றிவிட்டு, புதுப் பைப்பிலும் வேகம் இல்லையே என்று புலம்புவார்கள். மெயின் லைனை முக்கால் இஞ்ச்சில் எடுத்து, குழாய்க்குப் போகும் கடைசித் துண்டை மட்டும் அரை இஞ்ச்சில் முடிக்கச் சொல்லுங்கள். வெளி அளவும் வேறு: அரை இஞ்ச் யு.பி.வி.சி. 21.3 மில்லிமீட்டர், சி.பி.வி.சி. 15.9. இரண்டும் சேரும் இடத்தில் அதற்கான அடாப்டர்தான் போட வேண்டும். நெருப்பில் காட்டி ஒன்றை இன்னொன்றுக்குள் சொருகுகிற ஆளிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

புது சி.பி.வி.சி. லைன் போட்ட அரை மணியில் மோட்டாரைப் போட்டோம். இரண்டு ஜாயின்டில் கசிவு. பைப் மட்டமானதா?
– வாசகர், பெரம்பூர்

பைப் மேல் பழி போடாதீர்கள், அவசரம்தான் காரணமாக இருக்கும். ஜாயின்டில் பூசுகிற சால்வென்ட் வெறும் பசை இல்லை. பைப்பின் மேல்தோலையும், பைப்புகளைச் சேர்க்கும் ஃபிட்டிங்கின் உள்தோலையும் கரைத்து ஒன்றாக்குகிற சமாச்சாரம். அந்த ஈரம் ஆவியாகிப் போகும்வரை ஜாயின்டுக்குப் பலம் கிடையாது. 24 மணி நேரம் விட்டுவிட்டு அழுத்தம் கொடுப்பது நல்லது.

ஹேக்சா பிளேடால் அறுத்த பிசிறைச் சீவாமல் நுழைத்தாலும் கசியும், அந்தப் பிசிறு சால்வென்டை வழித்துக்கொண்டு போய்விடும். நுழைத்ததும் கால் திருப்பு திருப்பி, அரை நிமிஷம் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். ஃபிட்டிங்கின் உட்புறம் லேசாகக் குறுகிக்கொண்டே போவதால், கையை விட்டால் பைப் தானாகப் பின்னுக்கு வந்துவிடும். இப்போது கசிகிற இடத்தில் வெளியே சால்வென்ட் பூசிப் பிரயோஜனம் இல்லை. அறுத்தெடுத்துவிட்டுப் புது ஃபிட்டிங் போடச் சொல்லுங்கள்.

மெட்ரோ வாட்டர் கனெக்‌ஷனுக்குப் போட்ட கறுப்புப் பைப்பில் சால்வென்ட் ஒட்டவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?
– வாசகர், கொளத்தூர்

ஒட்டாது. அது எச்.டி.பி.ஈ. என்ற வேறு வகை பிளாஸ்டிக், எந்த பி.வி.சி. சால்வென்டுக்கும் கரையாது. கம்ப்ரெஷன் ஃபிட்டிங் போட்டு முறுக்குங்கள், அல்லது சூடு வைத்து இணைக்கிற ஆளைக் கூப்பிடுங்கள்.

மே மாதம் மத்தியானம் குழாயைத் திறந்தால் கொதிக்கிறது. எந்தப் பைப் போட்டால் சுடாது?
– வாசகி, வேளச்சேரி

அப்படி ஒரு பைப் இன்னும் கடைக்கு வரவில்லை! மொட்டை மாடியில் கிடக்கும் பைப்புக்குள் நிற்கிற தண்ணீர் எதுவானாலும் சுடத்தான் செய்யும். லைனை மாடி நடுவில் ஓட்டாமல் கைப்பிடிச் சுவரின் நிழல் பக்கமாகத் திருப்புங்கள், மேலே இன்சுலேஷன் உறை மாட்டுங்கள். உறை வேண்டாம் என்றால் வெள்ளை எமல்ஷனாவது அடியுங்கள். வெயில் பட்டுப் பட்டு பிளாஸ்டிக் நொறுங்கிப்போவதையும் அது தள்ளிப்போடும். வீட்டில் மீந்த எனாமல் இருக்கிறதே என்று அதை அடித்துவிடாதீர்கள், அதில் இருக்கும் கரைப்பான் இந்தப் பைப்புக்கு ஆகாது.