ஒன்றரை வயது மகளுக்குக் கை கால் வீங்கியது, சோதித்ததில் 'சிக்கிள் செல்' என்கிறார்கள். நீலகிரி கூடலூர் பக்கம் இருக்கிறோம். எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாருக்கும் இல்லை. இனி வீட்டில் என்ன கவனிக்க வேண்டும்?

சிக்கிள் செல் என்பது ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்து ரத்தக்குழாய்களை அடைக்கும் பரம்பரை நோய். யாருக்கும் இல்லை என்பது வெளிப்பார்வைக்குத்தான். அப்பா, அம்மா இருவரிடமும் இந்த மரபணு ஒவ்வொன்று இருந்திருக்கும். ஒன்று மட்டும் இருந்தால் உடம்பு எதையும் காட்டிக்கொடுக்காது. எனவே யார் வீட்டுப் பக்கத்திலிருந்து வந்தது என்ற பேச்சுக்கே இடமில்லை. நீலகிரி மக்களிடம் இது இருப்பது 1952லேயே பதிவாகியிருக்கிறது. பணியர், முள்ளுக்குறும்பர், இருளர் மட்டுமல்ல, வயநாடன் செட்டிகளிடமும் உண்டு.

ரிப்போர்ட்டில் 'எஸ்எஸ்' என்றிருந்தால் நோய், 'ஏஎஸ்' என்றால் நோயில்லாத தாங்கி. சோதனைக்கு முந்தைய 3 மாதத்தில் குழந்தைக்கு ரத்தம் ஏற்றியிருந்தால் முடிவு குழம்பும். அப்போது பெற்றோர் இருவருக்கும் ஹெச்பிஎல்சி (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ரத்தச் சோதனை) எடுத்துப் பார்ப்பார்கள்.

முதலில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள். மலைக்குளிரில் நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் ஏமாந்துபோவோம். இந்த நோயில் மண்ணீரல் சீக்கிரமே வேலையை நிறுத்திவிடுவதால், சாதாரணக் கிருமியும் சில மணி நேரத்தில் ரத்தத்தில் பரவிவிடும். 101 டிகிரி என்றால் ஆஸ்பத்திரிதான். அக்குளில் வைத்துப் பார்த்தால் குறைவாகக் காட்டும், அதனால் அங்கே 100 தாண்டினாலே கிளம்புங்கள். பாராசிட்டமால் கொடுத்து, காய்ச்சல் இறங்கியதும் "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிடுவதுதான் பெரிய தவறு. மழைக்காலத்தில் மண் சரிந்து ரோடு அடைபட்டால் அந்தக் காலை வராமலே போகலாம். ராத்திரி கூப்பிட்டால் வரும் ஜீப் எது என்று இப்போதே பேசி வையுங்கள்.

அடுத்தது மண்ணீரலைத் தடவிப் பார்க்கப் பழகுவது. குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, இடது விலாவுக்குக் கீழே தொப்புள் பக்கத்திலிருந்து மேல்நோக்கி விரல் நுனிகளால் மெதுவாக அழுத்துங்கள். எத்தனை விரல் அளவு தட்டுப்படுகிறது என்று டாக்டரோ நர்ஸோ ஒருமுறை உங்கள் கையைப் பிடித்துக் காட்டட்டும். தினமும் குளிப்பாட்டும்போது பாருங்கள், அழும்போது பார்க்காதீர்கள், வயிறு இறுகிவிடும். திடீரென்று பெரிதாகி, குழந்தை வெளிறி, துவண்டு கிடந்தால் ரத்தம் அங்கே தேங்குகிறது என்று பொருள். ஹீமோகுளோபின் சில மணி நேரத்தில் சரிந்துவிடும், உடனே ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும்.

கை கால் வீக்கத்துக்கு ஐஸ் வைக்கவே கூடாது. குளிர் பட்டால் ரத்தக்குழாய் சுருங்கி வலி கூடும். வெதுவெதுப்பான துணியும் நிறையத் தண்ணீரும் போதும். மழையில் நனைந்தால் உடனே உடை மாற்றுங்கள், குளிக்க வெந்நீர்தான். குளிரில் தாகம் தெரியாது, குழந்தையும் கேட்காது, நீங்களாகவே அடிக்கடி கொடுக்க வேண்டும். மூச்சு வாங்குதல், ஒரு பக்கம் கை கால் விழுதல், நெஞ்சு வலி வந்தால் வீட்டு வைத்தியமே வேண்டாம்.

மருந்தில், கிருமித்தொற்றைத் தடுக்கும் பென்சிலின் முக்கியம். 3 வயது வரை வழக்கமாக 125 மி.கி. காலை, மாலை, பிறகு 5 வயது வரை 250 மி.கி. நன்றாக இருக்கிறாளே என்று நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். நிமோனியா தடுப்பூசி தவறக் கூடாது. வலி வருவதைக் குறைக்கும் ஹைட்ராக்சியூரியா மருந்தை 9 மாதத்திலிருந்தே தொடங்கலாம் என்பது அமெரிக்க வழிகாட்டல். இங்கே பலர் 2 வயது வரை பொறுப்பார்கள், அதனால் அதை நீங்களாகவே கேளுங்கள். தொடங்கினால் வெள்ளணு எண்ணிக்கையைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். ரத்தசோகை என்ற பெயரைப் பார்த்து யாராவது இரும்புச்சத்து சிரப் தந்தால், ஃபெரிட்டின் (உடம்பில் உள்ள இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் சோதனை) குறைவு என்று தெரியாமல் கொடுக்காதீர்கள்.

நோயின் பெயர், ரத்த வகை, மண்ணீரல் அளவு, நன்றாக இருக்கும்போது உள்ள ஹீமோகுளோபின் எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதிப் பையில் வையுங்கள். இந்தக் குழந்தைகளுக்கு 7, 8 என்பதே வழக்கமான அளவாக இருக்கலாம். அது தெரியாத டூட்டி டாக்டர் பதறி, தேவையில்லாமல் ரத்தம் ஏற்றிவிடுவார்.

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இந்த நோயும் சேர்ந்திருக்கிறது, அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அடுத்த குழந்தைக்கும் வாய்ப்பு ஒவ்வொரு முறையும் 4ல் 1. நாள் தள்ளியதுமே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், கருவில் சோதிப்பதானால் 11ஆம் வாரத்திலிருந்தே அதற்கு வழி இருக்கிறது.