கற்பூரவல்லி இலையின் ரோமத்தை வரைவது எப்படி?

கேள்வி: வீட்டுத் தாழ்வாரத்தில் வளர்க்கும் கற்பூரவல்லியை நீர்வண்ணத்தில் தாவர ஓவியமாகத் தீட்டுகிறேன். மூன்று முறை முயன்றும் இலை பிளாஸ்டிக்கில் செய்ததுபோலவே வருகிறது. அந்த மெத்தென்ற தன்மையை எப்படிக் கொண்டுவருவது? - சிங்கப்பூர் ஈசூன் வாசகி

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தில் கோடுகள் நன்றாகவே விழுந்திருக்கின்றன. இலை நடுவே விட்டிருக்கும் வெள்ளைப் பளபளப்புதான் கெடுக்கிறது. மணி பிளான்ட் இலைக்கு அது பொருந்தும். வழவழப்பான இலை, வெளிச்சம் பட்டால் ஓரிடத்தில் மின்னும். கற்பூரவல்லி மின்னாது. அதன் மேலெல்லாம் ரோமம். படுகிற வெளிச்சத்தை அது சிதறடித்துவிடும்.

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்று வாங்கி, தளிர் இலையைப் பாருங்கள். நீண்ட ரோமங்களுக்கு நடுவே துளித்துளியாகச் சுரப்பிகள் இருக்கும். கார்வக்ரால், தைமால் போன்ற வாசனை எண்ணெய்கள் அவற்றில்தான் இருக்கின்றன. இலையைக் கசக்கினால் அவை உடைந்து மணக்கும். தைமால் ஓமத்திலும் உண்டு; ஓமவல்லி என்று நம் வீடுகளில் சொல்வது சும்மா இல்லை. ரோமத்தை விட்டுவிட்டு இந்தச் செடியை வரைந்தால் வாசத்தையே விட்டுவிட்டதாக எனக்குத் தோன்றும்.

அதற்காக வெள்ளை வண்ணத்தால் ஒவ்வொரு ரோமமாக இழுக்காதீர்கள். முதலில் கோபால்ட் நீலத்தில் கொஞ்சம் எலுமிச்சை மஞ்சள் கலந்து, சாம்பல் ஓடிய வெளிர் பச்சையை இலை முழுக்கப் பூசுங்கள். விளிம்பில் மட்டும் தலைமுடி அளவுக்குத் தாளின் வெள்ளையை விட்டுவிடுங்கள். அந்த மெல்லிய ஒளிக்கோடுதான் ரோமத்தைக் காட்டிக்கொடுக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு, தூரிகையைத் துணியில் ஒற்றி, ஏறக்குறைய உலர்ந்த முனையால் அடர்பச்சையைச் சின்னச் சின்னக் கீற்றுகளாக வையுங்கள். மேல்பக்க நரம்புகள் உள்ளே பதிந்திருக்கும். நரம்புகளுக்கு இடையே இலை சற்றுப் புடைத்திருக்கும். புடைப்பின் சரிவில் கீற்றுகளை நெருக்கினால் சதைப்பற்று தானாக வரும். ஓர் இலைக்கு எனக்கு இரண்டு மணி நேரமாவது ஆகும்.

"காய்ந்த பிறகு" என்பதில்தான் நம் ஊரில் பலரும் தடுமாறுகிறோம். மழை நாளில் ஈரப்பதத்தால் பூச்சு லேசில் காயாது. மேலே காய்ந்ததுபோல் இருக்கும், தூரிகை பட்டதும் பெயர்ந்து வரும். புறங்கையைத் தாளில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. தாள் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள, வழவழப்பான 'ஹாட் பிரஸ்' வகையாக இருக்கட்டும். சொரசொரப்பான தாளில் இந்தக் கீற்றுகள் நிற்காது.

வெளிச்சத்திலும் ஒரு சிக்கல் உண்டு. நேர்வெயில் விழாத சீரான வெளிச்சத்துக்காக வடக்கு ஜன்னல் அருகே உட்காரச் சொல்லும் புத்தகங்கள் ஐரோப்பாவுக்காக எழுதியவை. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கும். அந்த மாதங்களில் தெற்கு ஜன்னலுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

கற்பூரவல்லி சட்டென்று வாடாது, ஆனால் வெளிச்சத்தை நோக்கி வளையும். தொட்டியிலும் மேசையிலும் டேப் ஒட்டி அடையாளம் வைத்து, கோட்டு வரைவை ஒரே அமர்வில் முடியுங்கள். இலைகள் எதிரெதிராக, அடுத்த ஜோடி முந்தியதற்குக் குறுக்காக வரும். உங்கள் படத்தில் மூன்றாவது ஜோடி திரும்பவே இல்லை. அதைத் திருத்துங்கள்.

சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் கேலப் சாலைப் பகுதியில், இன்வர்டரட் என்ற பழைய கறுப்பு வெள்ளை பங்களாவில், 2021இல் தாவர ஓவியக் கூடம் திறந்தார்கள். ஒரு சனிக்கிழமை போய், இலை விளிம்புகளை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்.

படத்தின் கீழே செடியின் அறிவியல் பெயரை, கோலியஸ் அம்போய்னிகஸ் என்று எழுதுங்கள். பிளெக்ட்ராந்தஸ் அம்போய்னிகஸ் என்று பழைய நூல்களில் இருப்பதும் இதே செடிதான். அடுத்த முறை முழுக்கிளை வேண்டாம். ஒரே ஒரு ஜோடி இலையை மட்டும் தீட்டி அனுப்புங்கள்.