பால் கொடுக்கும்போது தைராய்டு மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்குக் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே தைராய்டு குறைவு. 50 மைக்ரோகிராம் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன், கர்ப்பத்தில் 75 ஆக்கினார்கள். இப்போது குழந்தைக்கு மூன்று மாதம். மாத்திரை பாலில் கலந்து குழந்தைக்குப் போய்விடும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னதால் பத்து நாளாக நிறுத்திவிட்டேன். அப்புறம் எனக்கே பயம் வந்து ரத்தப் பரிசோதனை செய்தேன். டிஎஸ்எச் 7.8, ஃப்ரீ டி4 நார்மல். பாலும் குறைந்த மாதிரி தெரிகிறது. மாத்திரையைக் கூட்ட வேண்டுமா, பால் கொடுப்பதை நிறுத்த வேண்டுமா?

பதில்: பால் கொடுப்பதை நிறுத்தவே வேண்டாம். நிறுத்திய மாத்திரையைத்தான் திரும்ப ஆரம்பிக்க வேண்டும். அந்த மாத்திரையில் இருக்கும் லெவோதைராக்ஸின் வேற்று மருந்து இல்லை. உங்கள் கழுத்துச் சுரப்பி சுரந்திருக்க வேண்டிய அதே ஹார்மோன். தைராய்டு நன்றாக இருக்கிற தாயின் பாலிலும் அது கொஞ்சம் இருக்கும். சரியான அளவில் மாத்திரை போட்டால் உங்கள் பாலிலும் அவ்வளவுதான் இருக்கும், அது குழந்தையைப் பாதிக்கிற அளவே இல்லை. சொல்லப்போனால், தைராய்டு குறைவைக் கவனிக்காமல் விட்டால்தான் பால் குறையலாம்.

டிஎஸ்எச் என்பது தைராய்டு ஹார்மோன் அல்ல, "இன்னும் சுர" என்று மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்புகிற உத்தரவு. ஹார்மோன் குறைந்தால் உத்தரவு கூடும், அதனால்தான் தைராய்டு குறைவு உள்ளவருக்கு டிஎஸ்எச் ஏறுகிறது. பெரும்பாலான ஆய்வகங்களில் ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை நார்மல் என்று போட்டிருப்பார்கள். ஆனால் உங்கள் 7.8-ஐ வைத்து மாத்திரையைக் கூட்டுவது தவறு, ஏனென்றால் அது மாத்திரை போடாத நாட்களின் கணக்கு. தைராய்டு ஹார்மோன் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஏழு நாள் ஆகும், அதனால் பத்து நாளில் ஃப்ரீ டி4 (ரத்தத்தில் இருக்கும் தைராய்டு ஹார்மோனின் அளவு) நார்மலுக்குள்ளேயே இருந்து டிஎஸ்எச் மட்டும் முந்திக்கொண்டு ஏறியிருப்பதில் ஆச்சரியமில்லை.

எனக்கு இன்னொன்றுதான் உறுத்துகிறது. கர்ப்பத்தில் கூட்டிய அளவைப் பிரசவத்துக்குப் பிறகு பொதுவாகப் பழைய அளவுக்கே குறைத்துவிட்டு, சுமார் ஆறு வாரத்தில் டிஎஸ்எச் பார்ப்பார்கள். உங்களுக்கு அது நடந்த மாதிரி தெரியவில்லை. ஆகவே 50-ஆ 75-ஆ என்று நீங்களாக முடிவு செய்யாமல், பத்து நாள் நிறுத்தியதையும் மறைக்காமல் சொல்லி, இன்றைக்கே டாக்டரிடம் கேட்டு ஆரம்பியுங்கள். அளவு கூடிப்போனால் படபடப்பு, தூக்கமின்மை, கைநடுக்கம் வரும். பிள்ளை பெற்ற களைப்பு என்று அதையும் தள்ளிவிடுவோம். அடுத்த பரிசோதனை ஆறு முதல் எட்டு வாரம் கழித்து. நடுவில் எத்தனை முறை பார்த்தாலும் குழப்பம்தான் மிஞ்சும்.

மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடுங்கள். பிரசவத்துக்குப் பிறகு கொடுக்கிற இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி கட்டாயம். சேர்த்துப் போட்டால் தைராய்டு மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் அன்று காலை, கொடுத்த பிறகு மாத்திரை போடுங்கள், முன்னாலேயே போட்டால் ஃப்ரீ டி4 சற்றுக் கூடுதலாகக் காட்டும். அப்புறம், முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் மாத்திரை எடுக்கிறீர்களா? சில ஆய்வக முறைகளில் அது டிஎஸ்எச்சைக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் பொய்யாகக் காட்டிவிடும். இரண்டு நாளாவது முன்பே நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள்.

கேள்வி: எனக்கு முன்பு தைராய்டே கிடையாது. பிரசவமாகி மூன்றாம் மாதம் படபடப்பு, டிஎஸ்எச் மிகக் குறைவு என்றார்கள். இப்போது ஏழாம் மாதம், ஒரேயடியாகச் சோர்வு, டிஎஸ்எச் 14. ரிப்போர்ட் தப்பா?

பதில்: தப்பாக இருக்க வேண்டியதில்லை. பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு அழற்சி சிலருக்கு இப்படிப் போவதுண்டு: சுரப்பி புண்பட்டு, சேர்த்துவைத்த ஹார்மோன் முதலில் மொத்தமாகக் கசியும், அப்புறம் கையிருப்பு தீர்ந்து குறைவில் முடியும். டிபிஓ ஆன்டிபாடி (தைராய்டையே தாக்குகிற எதிர்ப்புப் பொருள்) ரத்தத்தில் உள்ளவர்களுக்கு இது அதிகம் வருகிறது. சோர்வும் இந்த எண்ணும் சேர்ந்திருப்பதால் டாக்டர் லெவோதைராக்ஸின் கொடுக்கலாம், தாராளமாகப் போட்டுக்கொண்டே பால் கொடுங்கள். பலருக்குச் சுரப்பி தேறிவிடுவதால், சில மாதம் கழித்து டாக்டரே அளவைக் குறைத்துப் பார்ப்பார். தேறினாலும் வருடம் ஒருமுறை டிஎஸ்எச் பாருங்கள். அடுத்த கர்ப்பம் என்றால் முதல் வேலையாகப் பாருங்கள். யாராவது தைராய்டு ஸ்கேன் எழுதிக்கொடுத்தால் பால் கொடுப்பதை அவசியம் சொல்லிவிடுங்கள், கதிரியக்க அயோடின் போடுகிற ஸ்கேன் இந்தச் சமயத்தில் கூடாது.