900 டிகிரி ஆர்கானில் எம்எக்ஸீன் படலம் வெளுத்துப் போவது ஏன்?

அந்த வெள்ளை டைட்டானியம் டை ஆக்சைடுங்க. உங்க டைட்டானியம் கார்பைடு எம்எக்ஸீன் (அணு அளவு மெல்லிய அடுக்குகளால் ஆன பொருள்) படலம் சூடு தாங்காமல் வெளுக்கவில்லை, குழாய் உலைக்குள் ஆக்சிஜன் புகுந்திருக்கு. வெறும் சூட்டில் சிதைந்திருந்தால் கனசதுர டைட்டானியம் கார்பைடாகி, கருஞ்சாம்பலாகத்தான் வந்திருக்கும்.

ஆர்கான் சிலிண்டரைக் குறை சொல்லும் முன்னே, வாயு வர நீங்க போட்டிருக்கும் சிலிகான் ரப்பர் குழாயைக் கழட்டுங்க. கசிவே இல்லாவிட்டாலும் அதன் சுவர் வழியாகவே ஆக்சிஜன் ஊடுருவும். கோவையில் ஏசி உதிரிபாகம் விற்கும் கடைகளில் கால் இஞ்ச் செப்புக் குழாய் கிடைக்கும், அது போதும். அடுக்குகளுக்கு நடுவே நிற்கும் ஈரமும் ஆக்சைடாக்கும். முதலில் 120 டிகிரி வெற்றிடத்தில் ராத்திரி முழுக்க உலர்த்துங்க.

அடுத்த ஓட்டத்துக்கு:

1. மூணு தடவை வெற்றிடம் இழுத்து ஆர்கான் நிரப்புங்க.
2. வாயு நுழையும் பக்கம், சூடான பகுதிக்குள்ளேயே, தனி அலுமினா படகில் (சூடு தாங்கும் சிறு பீங்கான் தட்டு) டைட்டானியம் ஸ்பாஞ்ச் வையுங்க; நுண்துளைகள் நிறைந்த இந்த உலோகம் வரும் ஆக்சிஜனை முதலில் பிடிச்சுக்கும். ஸ்பாஞ்ச் நிறம் மாறி, படலம் கறுப்பாகவே வந்தால் ஆக்சிஜன் வாயு வழியில்தான் வருது.
3. சந்தேகமிருந்தால் எக்ஸ்ஆர்டி (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர்ச் சோதனை) எடுங்க. செப்புக் கதிரில் 25.3 டிகிரிக் கோணத்தில் உச்சம் வந்தால் அனடேஸ், 27.4-ல் ரூடைல்; ரெண்டுமே டைட்டானியம் டை ஆக்சைடின் படிக வடிவங்கள். கனசதுரக் கார்பைடு என்றால் 36, 41.7 பக்கம் வரும்.

கசிவை அடைத்தாலும் 900-ல் அடுக்கமைப்பு முழுசாக நிற்கும்னு நம்பாதீங்க, 800-ஐ ஒட்டியே கனசதுரக் கார்பைடாக மாறலாம். மேற்பரப்பு ஃப்ளூரினும் அந்தச் சூட்டில் கழன்று வந்து குவார்ட்ஸ் குழாயை அரிக்கும். வெளிவாயுவைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் குமிழவிட்டு (சாயப்பட்டறைச் சீமையில் அதுக்கா பஞ்சம்!), உலைக்கும் கரைசலுக்கும் நடுவே ஒரு காலி பாட்டில் கட்டாயம் வையுங்க. உலை ஆறும்போது கரைசல் பின்னால் ஏறிவிடும்.